வண்ண வளையங்களை விட்ட தவக்காலம்

1

பள்ளிக்கூட வாசலிலிருந்து முந்நூறு அடி நடந்த பிறகுதான் கையில் தகர டப்பா இருப்பது உறைத்தது. அதைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ஒட்டி, மேலே என் மகளின் பெயரையும் வகுப்பையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. உள்ளே இருபத்தொன்பது சத்துமாவு உருண்டைகள். நான் முப்பது பிடித்திருந்தேன். ஒன்றை ஜெனி போகிற வழியிலேயே தின்றிருக்க வேண்டும். நடக்க நடக்க அந்த ஓர் உருண்டையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதத் தூறல். குடை இல்லை. உடம்பில் இன்னும் நான் வேலை பார்க்கும் கிடங்கின் மஞ்சள் சட்டை. அரைகுறையாக அடுக்கிய பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, பள்ளியிலிருந்து போன் வந்தது என்று ஓடி வந்தவன். இடது பக்கம் திரும்பினால் கிடங்குக்குப் போகும் பஸ். நான் வலது பக்கம் திரும்பினேன்.

நான் நடந்து வெளியேறிய இடங்கள் நிறைய. பதினான்கு வயதில் அகரம் பள்ளியிலிருந்து, ஒன்பதாம் வகுப்பு பாதியில். பிறகு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய வேலை, திருப்பூரில் சாயப்பட்டறை, மும்பையில் ஒரு கேண்டீன், குவைத்தில் மூன்று முதலாளிகள். எந்த இடத்திலும் என்னை யாரும் துரத்தவில்லை. இரண்டு மூன்று வருடம் ஆனால் கால் நிற்காது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் நடக்கும்போது மனது லேசாக இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை.

2

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த ஊருக்கு நாங்கள் வந்து இந்த மாதத்தோடு எட்டு வருடம். என் மனைவி அமலா நர்ஸ். திண்டுக்கல் நாகல் நகரில் பிறந்தவள். நான் அவளைச் சந்தித்தது குவைத்தில். இங்கே வேலை கிடைத்தது அவளுக்கு. விசாத் தாளில் நான் அவளைச் சார்ந்து வாழ்பவன். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று முதல் வருடம் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வரும்போது ஜெனிக்கு மூன்று வயது. வந்த முதல் வாரம் கடையில் அவள் கை நீட்டிக் கேட்ட முதல் பொருள், பாலில் போட்டுத் தின்னும் வண்ண வளையங்கள் உள்ள அட்டை டப்பா. சிவப்பு, பச்சை, ஊதா. இதைச் சீரியல் என்கிறார்கள். நம் ஊர் டிவியில் வருகிற சீரியலுக்கும் இதற்கும் பொதுவாக ஒன்று உண்டு, இரண்டும் தினமும் வரும். எங்கள் வீட்டில் எட்டு வருடம் வந்தது.

காரணம் சுவை மட்டும் இல்லை. நான் ஐந்து மணிக்குக் கிடங்குக்குக் கிளம்புகிறவன். அமலா ஆறேகாலுக்கு. நாலு நாள் ஆஸ்பத்திரி, ஒரு நாள் முதியோர் இல்லம். ஜெனி பெரிய பள்ளிக்கு மாறிய செப்டம்பரிலிருந்து ஏழு மணிக்குத் தானே எழுந்து, தானே டப்பாவைச் சாய்த்து, பாலை ஊற்றித் தின்றுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறாள். பதினோரு வயது. கேட்பவர்களிடம், பிள்ளை பொறுப்பாக இருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் மத்தியானம் திரும்பி வந்து, பசிக்கு அதே டப்பாவிலிருந்து மூன்று கிண்ணம் சாப்பிடுவேன்.

ஜனவரியில் பல் டாக்டர் ஜெனியின் வாயைத் திறந்து பார்த்து, நான்கு பற்களில் சொத்தை என்றார். சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரிப் பேசினார். என்ன சாப்பிடுகிறாள், எத்தனை தரம் பல் விளக்குகிறாள் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "காலைச் சாப்பாடு இவளுக்கு யார் கொடுப்பது?" என்றார்.

நான் அமலாவைப் பார்த்தேன். அமலா என்னைப் பார்த்தாள். ஜெனி வாயில் பஞ்சோடு, "நானே" என்றாள்.

அவர் அதைக் கணினியில் எழுதிக்கொண்டார்.

அதே மாதம் எனக்கு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று கடிதம் வந்தது. சாம்பல் புதன் அன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நெற்றிச் சாம்பலோடு அமலா அறிவித்தாள்: இந்தத் தவக்காலத்துக்கு, ஈஸ்டர் வரை நாற்பது நாளும், வீட்டில் யாரும் கறியை விட வேண்டாம், வளையங்களை விடுகிறோம்.

"ஈஸ்டருக்கு அப்புறம்?" என்று ஜெனி கேட்டாள்.

"அதுக்குள்ள மறந்துருவ," என்றாள் அமலா.

3

பதிலுக்கு என்ன என்பது என் பொறுப்பு ஆனது. ரெட்டியார்சத்திரம் பக்கம் வாக்கப்பட்டிருக்கும் என் ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் போட்டேன். மக்காச்சோளமும் கடலையும் போடுகிற குடும்பம்.

"சத்துமாவு எப்படிக்கா அரைக்கிறது?"

"ஏலே, நல்லாத்தான இருக்க? எட்டு வருசமா கறியையும் கேக்கையும் போட்டோ புடிச்சு அனுப்புன. இப்ப என்ன திடீர்னு சத்துமாவு?"

"பிள்ளைக்குப் பல்லெல்லாம் சொத்தைக்கா."

அக்கா வரிசையாகச் சொன்னாள். கம்பு, கேழ்வரகு, சோளம், பொட்டுக்கடலை, நிலக்கடலை, பாசிப்பயறு, கொஞ்சம் ஏலக்காய். தனித்தனியா வறுக்கணும், எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா ஒண்ணு கருகும், ஒண்ணு பச்சையா நிக்கும்.

"கம்பு அங்கிட்டுக் கிடைக்குமா?"

"பக்கத்துக் கடையில கிளிக்குத் தீனியா விக்கிறாங்க."

"அட கிரகமே! அதைத் தின்னாலாச்சும் நாலு வார்த்த பேசுவ. மாசம் ஒருக்காப் போன் போட்டு 'ம்', 'ம்'ன்னு வச்சுர்ற."

கிளித் தீனி வாங்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு குஜராத்தி கடையில் எல்லாம் வாங்கினேன். சனிக்கிழமை வறுக்க ஆரம்பித்தேன். கம்பு பொரியும் நேரம் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறியது. ஜெனி காதைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள். நான் நாற்காலியில் ஏறி மணிக்கு நேராகத் துண்டை வீசிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்தக் குளிர்காலத்தில் அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

மிக்ஸியில் அரைத்ததில் பாதி மாவு, பாதி ரவை. முதல் நாள் கஞ்சியில் கருப்பட்டியை அள்ளிப் போட்டேன். அமலா ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியை வைத்தாள்.

"ஏங்க, கருப்பட்டி மட்டும் சக்கரை இல்லையாக்கும்?"

"அது பனையில இருந்து வர்றது."

"உங்க ரத்தத்துக்கு அது பனையா கரும்பான்னு தெரியுமா?"

கருப்பட்டியும் போயிற்று. வாழைப்பழத்தை மசித்துப் போட்டேன். சிறுமலைப் பழமாக இருந்தால் ஒன்றே போதும். இங்கே கிடைப்பது நீளமாக, மழமழவென்று, வாசனையே இல்லாமல் இருக்கும். இரண்டு போட வேண்டியிருந்தது. ஜெனி கிண்ணத்தைப் பார்த்து, "அப்பா, இது சிமென்ட்" என்றாள். ஆனாலும் குடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, மூவரும் ஒன்றாக இருந்தபோது.

4

திங்கட்கிழமையிலிருந்து நாலரைக்கே எழுந்து கஞ்சி காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் பிளாஸ்க் காலி. காலி மட்டும் இல்லை, கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்திருக்கும். முதல் இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், பிள்ளை ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறாள் என்று.

மூன்றாம் நாள் அந்தப் பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் ஜெனி ஒரு டம்ளரைக் கூடக் கழுவியதில்லை. தண்ணீர் குடித்த டம்ளர் மாடிப்படியில் இருக்கும், குளியலறையில் இருக்கும், டிவிக்குப் பின்னால் இருக்கும். பிளாஸ்கை மட்டும் அவள் ஏன் கழுவ வேண்டும்?

அவள் அறைக்குள் போனேன். அலமாரியில், குளிர்காலக் கோட்டுக்குப் பின்னால், அட்டை டப்பா. கைச்செலவுக்குக் கொடுத்த காசில் வாங்கியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் கேட்டேன். திட்டவில்லை. எனக்குத் திட்டத் தெரியாது, அதற்கு நான் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

"கஞ்சி பிடிக்கலையா?"

"பிடிக்கலன்னு இல்ல."

"பின்ன ஏன் கொட்டுற?"

"தனியா உக்காந்து குடிக்க முடியலப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சீரியல்னா டப்பாவ முன்னாடி நிக்க வச்சிப்பேன். பின்னாடி புதிர் இருக்கும், ஜோக் இருக்கும். அந்தக் குரங்கு என்னையே பாக்கும். படிச்சிட்டே சாப்பிடுவேன். பிளாஸ்க்ல ஒண்ணுமே எழுதல."

எட்டு வருடமாக அந்த டப்பாவை வாங்கி வந்தவன் நான். முன்பக்கத்தில் குரங்கு இருப்பது தெரியும். அது யாருக்குத் துணையாக மேஜையில் நின்றது என்பது தெரியாது.

நான் குவைத்தில் தங்கியிருந்த அறையில் ஒருவன் சாப்பிடும்போது பழைய செய்தித்தாளைத் தட்டுக்குக் கீழே விரிப்பான், சிந்தாமல் இருக்க என்பான். வாரக் கணக்கில் அதே தாள். அதில் இருந்த விளம்பரமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவனை நாங்கள் கேலி செய்தோம். எனக்கு அன்றைக்கு அவன் நினைவு வந்தது.

5

தவறாகப் புரிந்துகொள்வதில் நான் கெட்டிக்காரன். பிள்ளைக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால், கூட்டத்தோடு சாப்பிடட்டும் என்று முடிவு செய்தேன். சத்துமாவை உருண்டை பிடித்துக் கொடுத்தால் பள்ளி இடைவேளையில் சிநேகிதிகளோடு தின்பாள்.

எங்கள் ஊர்க் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு ஒரு சட்டியை ஒதுக்குவார்கள். தினமும் உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தச் சட்டியில் போட வேண்டும். பிடியரிசி என்று பெயர். வெள்ளிக்கிழமை எல்லா வீட்டுச் சட்டியையும் கோயிலில் கொட்டிக் கஞ்சி காய்ச்சி, வருகிற போகிற எல்லோருக்கும் ஊற்றுவார்கள். எதையாவது விட்டால் மட்டும் போதாது, விட்டதை இன்னொருத்தர் கிண்ணத்தில் ஊற்றினால்தான் கணக்கு. நான் கோயிலுக்குப் பெரிதாகப் போகிறவன் இல்லை. ஆனாலும் இது உடம்பில் ஊறிக் கிடக்கிறது. அதனால் ஜெனிக்கு மட்டும் இரண்டு உருண்டை கட்டிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. வகுப்பில் முப்பது பேர் என்றாள். முப்பது பிடித்தேன். இனிப்புக்குப் பேரீச்சை. மாவு சேர்ந்து நிற்க, வறுத்த நிலக்கடலையைப் பொடித்து நிறையப் போட்டேன்.

டப்பாவை மேஜையில் வைத்து, ஒரு சீட்டில் 'எல்லாருக்கும் கொடு' என்று தமிழில் எழுதினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். கூட்டிப் படித்திருக்கிறாள். எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

பத்தே முக்காலுக்கு அவள் வகுப்பில் டப்பாவைத் திறந்திருக்கிறாள். அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் கடலை பட்டாலே மூச்சு அடைத்துவிடும். உருண்டையில் என்ன போட்டது என்று ஆசிரியை கேட்க, ஜெனி தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள். உடனே வகுப்பைக் காலி செய்து, மேஜைகளைத் துடைத்து, அந்தப் பெண்ணைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், ஜெனியை முழங்கை வரை கழுவச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நான் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அலுவலக அறையில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் என் ஆங்கிலத்தில், இது முந்திரி பாதாம் இல்லை, மண்ணுக்குள் விளைகிற பயறு, உடம்புக்கு நல்லது என்று விளக்கினேன். ஆசிரியையும் அலுவலகப் பெண்மணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார்கள். செப்டம்பரில் வீட்டுக்கு வந்த படிவம். கடலை வகை எதுவும் பள்ளிக்குள் வரக் கூடாது, படித்துப் புரிந்துகொண்டேன் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

இங்கே வருகிற தாள்களின் எண்ணிக்கைக்கு நான் எல்லாவற்றையும் படிப்பதில்லை. கட்டம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன், போடுவேன். எட்டு வருடம் இப்படித்தான் ஓடியது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதற்கு அதுவரை நான் பெரிதாக வருத்தப்பட்டதில்லை.

ஜெனி நடைபாதையில் ஒரு நாற்காலியில் இருந்தாள். கை விரல்கள் சிவந்திருந்தன.

"அந்தப் பொண்ணு செத்துருந்தா?" என்றாள்.

நான் பிடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் என்னைப் பாக்குறாங்கப்பா. நீ லெட்டரப் படிச்சிருக்கணும்." பிறகு ஆங்கிலத்தில், மெதுவாக, என்னைப் பார்க்காமல், இனிமேல் பள்ளிக்கு வர வேண்டாம் என்றாள். மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டாள்.

6

வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. ஈரச் சட்டையோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். காலையில் ஜெனி உட்காரும் நாற்காலி. அதற்கு நேர் எதிரே சுவர். சுவரில் கடிகாரம். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடம் நீளமாக இருந்தது. அவள் ஏழேகாலிலிருந்து எட்டு மணி வரை உட்காருகிறாள்.

நாலு மணிக்கு, கிடங்குக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து வழக்கமான செய்தி வந்தது. நாளை காலை ஐந்து மணி, வருகிறாயா, ஆம் அல்லது இல்லை. மூன்று வருடமாகத் தினமும் வருகிற கேள்வி. மூன்று வருடமாக ஒரே பதில். அன்றைக்கு இல்லை என்று அனுப்பினேன். இனிமேலும் இல்லை என்று இன்னொன்றும் அனுப்பினேன். தவறில்லாமல் எழுத நான்கு முறை அழித்து எழுதினேன்.

ஜெனி வந்து நேராக மாடிக்குப் போனாள். அமலா இரவு எட்டு மணிக்கு வந்து, காலணியைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"இது எத்தனாவது வேல? எண்ணி வச்சிருக்கீங்களா?"

"பதினேழு."

"பதினாறையும் காரணமே இல்லாம விட்டீங்க." காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "இதுக்காச்சும் ஒண்ணு இருக்கு. ஆனா நாளைக்கே வேற பாக்கணும், சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு வீட்டுக்கு நாந்தான் மன்னிப்புக் கேட்டு எழுதணும், நீங்க எதையும் எழுதிராதீங்க."

மறுநாள் ஏழு மணிக்குக் கஞ்சி காய்ச்சினேன். கடலை இல்லாத மாவு. ஏழேகாலுக்கு ஜெனி இறங்கி வந்து, என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"வேலைக்குப் போகலையா?"

"இல்ல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். உக்காரு."

உட்கார்ந்தாள். நான் சுவருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். கோபம் தீரவில்லை என்பது கரண்டியைப் பிடித்த விதத்தில் தெரிந்தது. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. காலை நேரத்தில் நான் யாரோடும் பேசிப் பழகியவன் இல்லை. அவள் கரண்டியால் கஞ்சியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஸ்கூலை விட்டு ஓடிய அன்று ஒட்டன்சத்திரத்துக்குப் போகிற தக்காளி லாரியில் ஏறியதையும், வழியில் மழை பிடித்து, தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஆட்டுக்குட்டியோடு படுத்துக் கிடந்ததையும் சொன்னேன்.

"பொய்," என்றாள்.

"சத்தியமா. அது என் சட்டைக் காலரைத் தின்னுருச்சு."

"முழுசாவா?"

"பாதி."

ஒரு வாய் வைத்தாள். "அப்புறம்?"

அப்புறத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எட்டு மணி. பாதிக் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. கிண்ணத்தைக் கழுவவும் இல்லை.

அவள் போனதும் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். மூன்று இடத்தில் ஆள் வேண்டாம் என்றார்கள். நான்காவது, மூடிக் கிடந்த பெட்ரோல் பங்கில் நடக்கிற கார் கழுவும் கடை. முதலாளி குர்திஷ்காரர், வயதானவர். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான், அதனால் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. முன்னால் வண்டி கழுவியிருக்கிறாயா என்றார். திண்டுக்கல் பைபாஸில் ஆறு மாதம் லாரி கழுவினேன் என்றேன். தலையசைத்தார். என்ன நேரம் வர முடியாது என்று கேட்டார்.

"காலை எட்டரைக்கு முன்னால்."

"ஏன், அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கிறதா?"

"ஆமாம்."

"அங்கே உன்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களா?"

"இன்றைக்குத்தான் முதல் நாள்," என்றேன். "இன்னும் ஒன்றும் சொல்லவில்லை."

அவர் சிரித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை என்னிடம் நீட்டினார். ஒரு வெள்ளை வேன் உள்ளே வந்து நின்றது.